அதிர்ந்த பிரேக்கும் என் வெறுங்காலும்

எனக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது நான்கு, ஐந்தாவது, பிரசவத்தில் போய்விட்ட என் நாத்தனாரின் மகன். ஐந்து பேரும் படித்தார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். என் பேரை எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பேரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அதற்கு மேல் வராது. இதைச் சொல்வது நான், எழுதுவது என் சின்ன மகளின் மகள். வேகமாகச் சொல்லு என்கிறாள். வேகமாக ஓட்டுகிறவள் இல்லை நான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு இருபத்து மூன்று வருடம் ஜீப் ஓட்டினேன். எங்கள் ஸ்டாண்டில் ஓட்டிய ஒரே பொம்பளை நான்தான். ஜீப் என் வீட்டுக்காரருடையது. அவருக்குக் கண்ணில் பூ விழுந்ததும் அதை விற்றுவிடலாம் என்று மாமியார் வீட்டில் பேசினார்கள். மறுநாள் காலையில் அவரை ஓட்டச் சொல்லி அணைக்கட்டுப் பக்கத்துப் பொட்டலுக்குப் போனோம். திரும்பும்போது பாதி வழி நான் ஓட்டிவந்தேன். அப்போதெல்லாம் லைசென்சுக்குப் படிப்பு கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆள் கூப்பிடுவார், நான் ஓட்டுவேன். போகும்போது ஜனம், வரும்போது சாமை மூட்டை, கடுக்காய் மூட்டை, பலாப்பழம். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு கோழியைக்கூட நான் அடித்ததில்லை. இதை ஸ்டாண்டில் தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன். அவர்களும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

சின்னவள் எம்.இ. படித்தது இட ஒதுக்கீட்டுக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில். வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். டிவியில் வடக்கே படிக்கிற பிள்ளைகள் கூடாது என்று ரோட்டில் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் வேண்டும் என்று உட்கார்ந்தார்கள். தியாகதுருகத்தில் மறியல் என்றால் சின்னசேலம் வரைக்கும் வண்டி நின்றுபோகும். என் மகளும் ஒதுக்கீட்டில் இடம் வாங்கினவள்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பெருமைதான். ஆனால் காலேஜில் அவள் கூடப் படித்த சிலபேர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் கோட்டா என்று கூப்பிட்டார்கள். அவள் வீட்டில் சொல்லவில்லை. எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கடைசி வருடம் அவள் ஒரு மெஷின் செய்தாள். காலேஜின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு பழைய காரின் முன்பாதியை அறுத்து நிறுத்தி, எதிரே சுவர் அகலத்துக்கு வெள்ளைத்திரை கட்டியிருந்தாள். சாவியைத் திருப்பினால் திரையில் ரோடு ஓடும். மழை பெய்யும். வளைவு வரும். கார் நின்ற இடத்தில் நிற்கும், ஆனால் நாம் வளைவுக்குச் சாய்வோம். அதற்குப் பேர் சிமுலேட்டர்.

எதற்கு இது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். ஏ.பி.எஸ். என்று ஒரு பிரேக் வரப்போகிறது. நாம் பயந்து ஓங்கி மிதித்தால் சாதாரண வண்டியில் சக்கரம் சிக்கிக்கொண்டு வண்டி வழுக்கிப் போகும். இந்தப் பிரேக்கில் சக்கரம் சிக்காது. அதுவே ஒரு நொடிக்குள் பலதடவை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது பெடல் காலடியில் தடதடவென்று அதிரும். அதிர்ந்தாலும் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். ஈர ரோட்டில் நிஜமாக மோதிப் பார்க்க முடியாது இல்லையா, அதனால் டிரைவர்களைக் கொட்டகையில் உட்காரவைத்து, திரையில் திடீரென்று ஒரு மாட்டைக் குறுக்கே விட்டு, பழைய பிரேக்கில் எப்படி நிறுத்துகிறார்கள், புதுப் பிரேக்கில் எப்படி நிறுத்துகிறார்கள் என்று பார்க்கவேண்டும். முன்கூட்டி அதிர்வைப் பற்றிச் சொல்லக்கூடாது. சொல்லாமல் விட்டால் மனுஷன் என்ன செய்கிறான் என்பதுதான் பரீட்சை. என்னிடமும் மாட்டைப் பற்றியும் அதிர்வைப் பற்றியும் நான் ஓட்டிப் பார்த்த பிறகுதான் சொன்னாள். கேட்ட அன்றைக்குச் சொல்லவில்லை. அம்மா என்று சலுகை கிடையாது.

டிரைவர்கள் கிடைக்கவில்லை. சவாரியை விட்டுவிட்டுப் பொம்மை வண்டி ஓட்ட யார் வருவார்கள்? இரண்டு வாரம் அவள் அலைந்தாள். அப்புறம் ஒரு மறியல் வந்தது. முழுநாள் ஒரு வண்டி ஓடவில்லை. எங்கள் ஸ்டாண்டில் எட்டுப்பேர் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். காலேஜ் பஸ் ஓட்டுகிற ஒன்பது பேரும் சும்மா இருந்தார்கள். நான் ஸ்டாண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு குறுக்குப்பாதையில் நடந்தே காலேஜுக்குப் போனேன். என்னையும் சேர்த்து மலைவண்டிக்காரர் ஒன்பது, பஸ்காரர் ஒன்பது. ஒதுக்கீட்டு மறியலே என் மகளுக்கு ஆள் கொடுத்தது என்று அன்றைக்கு நான் சிரித்தேன்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டு இருந்தோம். உள்ளே நடப்பது வெளியே தெரியாது. வெளியே வந்தவன் எல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு, நின்றுவிட்டது, அதெல்லாம் ஒரு விஷயமா என்று சொன்னான்.

என் முறை வந்தது. முதலில் பழைய பிரேக். மழை, வளைவு, மாடு. விட்டு விட்டு மிதித்து, மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். அடுத்தது புதுப் பிரேக். அதே மழை. மாடு வந்தது. மிதித்தேன். காலுக்குக் கீழே பெடல் பேய் பிடித்ததுபோல் அதிர்ந்தது. என் கால் தானாக மேலே வந்துவிட்டது. மறுபடி மிதித்தேன், மறுபடி அதிர்ந்தது, மறுபடி எடுத்தேன். திரை முழுக்க மாடு.

நான் இறங்கி வெளியே வந்தேன். கூட வந்திருந்த வீட்டுக்காரர் கேட்டார். நின்றுவிட்டது என்றேன். என் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் காலேஜிலிருந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் எழுப்பி உட்காரவைத்துக் கேட்டேன். கணக்கு விபரீதமாக வந்திருந்தது. பழைய பிரேக்கில் மலை ஆட்கள் எல்லாரையும்விட நன்றாக நிறுத்தியிருந்தார்கள். புதுப் பிரேக்கில், ஒன்பது பேரில் எட்டுப்பேர் மாட்டை இடித்திருந்தார்கள். பஸ்காரர்களில் ஒரே ஒருத்தர்தான் இடித்திருந்தார். வயது, கண்பார்வை, தூக்கம், எத்தனை வருடம் ஓட்டினார்கள் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். எதிலும் காரணம் அகப்படவில்லை. நல்ல பிரேக்கில் நல்ல டிரைவர் மோதுகிறான் என்றால் ஒன்று உன் மெஷின் தப்பு, இல்லை நீ எழுதியது தப்பு என்று அவளுடைய வாத்தியார் சொல்லிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை மூன்றுபேர் உட்கார்ந்து கேட்பார்கள். அதற்குள் காரணம் சொல்லவில்லை என்றால் இந்த வேலை செல்லாது, வேறு வேலை எடுத்து ஒரு வருடம் கழித்து வா என்றாராம்.

"அப்புறம் பின்னாடி உக்காந்திருந்த ஒருத்தன் சொன்னாம்மா," என்றாள். "கோட்டாவுல வந்தவளுக்குக் கணக்கும் கோட்டாவுலதான் வரும்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"வாத்தியாரு?"

"அவரு சிரிக்கல. சும்மா இருந்தாரு."

அவள் அதைச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இரண்டு பாரம். ஒன்று அவளுடைய ஒரு வருடம். இன்னொன்று, மோதிய எட்டுப்பேரில் நானும் ஒருத்தி என்பது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டுபேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை ஸ்டெப்னி டயரை இறக்கும்போது அது என் வலது கால் கட்டைவிரல்மேல் விழுந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை சவாரி நிறுத்த மனசில்லை. என் இரண்டாவது மகனின் பழைய கேன்வாஸ் ஷூ பரணில் கிடந்தது. அதைக் கட்டின் மேலேயே மாட்டிக்கொண்டு ஓட்டினேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மலைவண்டி ஓட்டுகிறவர்கள் செருப்பைச் சீட்டுக்கு அடியில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் பெடலைத் தொடுவோம். சோறு போடுகிற வண்டியைச் செருப்புக்காலால் மிதிப்பதில்லை என்பது ஒன்று. காலுக்கு வண்டி பேசுவது கேட்கவேண்டும் என்பது இன்னொன்று. மலையிறங்கும்போது பிரேக் டிரம் சூடேறினால் பெடல் மெல்ல நடுங்கும். நடுங்கினால் காலை எடு, கொஞ்சம் விடு, மறுபடி மிதி. எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. காலே கற்றுக்கொண்டது. அன்றைக்கு வரைக்கும் நான் ஷூ போட்டு ஓட்டியதே கிடையாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலையில் என் வீட்டுக்காரர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். அவருக்குப் பார்வை மங்கல். ஆனால் பாதம் வண்டித் தகரத்தில் வெறுமனே இருந்தது.

"இன்னா நீ, நடுங்குது, காலை எடுக்காம மிதிச்சிக்கினே இருக்கியே," என்றார்.

"எங்க நடுங்குது?"

"எங்கயா? எனக்கே முட்டி வரைக்கும் வருது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் செவிடாகிப் போயிருந்தது. அடுத்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அந்த ஷூவைக் கழற்றினேன். மறியல் அன்று கொட்டகை வாசலில் கிடந்த செருப்புக் குவியல் அப்போதுதான் கண்முன் வந்தது. எங்கள் ஆட்கள் ஒன்பது பேரும் வாசலிலேயே கழற்றிப் போட்டார்கள். பஸ்காரர்கள் ஷூவோடு உள்ளே போனார்கள். காலேஜ் சட்டப்படி அவர்கள் ஷூ போட்டே ஆகவேண்டும்.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். முதலில் என் குற்றத்தைச் சொல்லவேண்டியிருந்தது. அன்றைக்கு நின்றுவிட்டது என்று நான் சொன்னது பொய் என்றேன்.

"தெரியும்மா," என்றாள். "ரெண்டு தடவை காலை எடுத்த."

"ஏன் எடுத்தன்னு கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. டிரைவரைக் கேட்டால் கணக்குக் கெட்டுவிடும் என்று நினைத்திருந்தாள். நான் ஷூவையும் செருப்பையும் சொன்னதும், அப்படியெல்லாம் இருக்காதும்மா, பெடல் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் அதிரும் என்றாள். பெடல் ஒன்றுதான், காலுமா ஒன்று என்றேன். அவள் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நல்லவேளை, பெடலைப் பார்த்து ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தாள். பதினெட்டுக் கால்களையும் வரிசையாகப் பார்த்தோம். ஒன்று தவிர வெறுங்கால் எல்லாம் துள்ளியது. ஷூக்கால் எல்லாம் அழுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் ஆட்களில் மோதாத ஒரே ஒருத்தர் வெறுங்கால்தான். அவருக்குச் சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போய் ஆறு வருடம் ஆகிறது. ஷூ போட்டும் மோதிய பஸ்காரரைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். மாடு வந்த நேரத்தில் அவர் தும்மிய சத்தம் அதில் கேட்டது.

என் மகள் நாற்காலியை விட்டு எழுந்து என்னைப் பார்த்தாள். வயசு எழுதினேன், கண்ணு எழுதினேன், காலில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லையே என்றாள். ஆனால் இது மட்டும் போதாது. அதே ஆட்களுக்கு ஷூ மாட்டி மறுபடி ஓட்டவேண்டும். வெறுங்காலோடு, அதிரும் என்று சொல்லிவிட்டும் ஒருதடவை ஓட்டவேண்டும். வியாழனுக்குள்.

மறியல் இல்லாத வாரம் அது. புதன்கிழமை காலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லாரும் டீக்கடை வாசலில் இருந்தார்கள். மறுபடி வரவேண்டும் என்றேன். எங்களுக்கு எதுக்குக்கா, நாங்கதான் அன்னைக்கே நிறுத்திட்டோமே என்றார்கள். எட்டுப்பேரில் ஏழுபேர் மோதினவர்கள் என்று எனக்குத் தெரியும். யார் யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். ஆனால் அவரவருக்குத் தெரியும். அந்தப் பொய்யோடு ஒருத்தனும் திரும்பக் கொட்டகைக்கு வரமாட்டான்.

அதனால் நான் டீக்கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நான் மாட்டை இடிச்சிட்டன்."

இருபது வருடமாக என்னோடு போட்டிக்கு ஓட்டுகிற ஒருவன் இருந்தான், அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"கோழியைக்கூட அடிக்காத அக்காவா?"

"அந்த அக்காதான். இடிச்சிட்டு, நின்னுடுச்சின்னு பொய்யும் சொன்னன். பெடல் நடுங்குச்சி, காலை எடுத்துட்டன். தப்பு என்மேல இல்ல, காலுமேல. அதைக் காட்டுலன்னா என் பொண்ணுக்கு ஒரு வருஷம் போவுது."

அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"என் மாடு வானத்துல பறந்துச்சிக்கா," என்றான்.

அவ்வளவுதான். ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக மோதினவர்கள் எல்லாரும் தங்கள் மாட்டைச் சொன்னார்கள். ஒருத்தன் இரண்டு தடவை இடித்தானாம். டீக்கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து சிரித்தார். வியாழக்கிழமை காலை முதல் சவாரியை ஒருத்தரும் எடுக்கவில்லை. எட்டுப்பேரும் என் ஜீப்பிலேயே ஏறி வந்தார்கள்.

ஹாஸ்டல் பிள்ளைகளிடம் ஷூ இரவல் வாங்கியிருந்தாள் மகள். ஆளுக்கு ஒரு அளவு. எங்கள் ஆட்கள் அதை மாட்டிக்கொண்டு கோழி நடப்பதுபோல் நடந்தார்கள். கோட்டா என்று சிரித்தவனின் ஷூ எங்கள் போட்டிக்காரனுக்கு அளவெடுத்ததுபோல் இருந்ததாக மகள் பிறகு சொன்னாள். ஷூ போட்டதும் ஒன்பது பேரும் மாட்டுக்கு முன்னால் நிறுத்தினோம். வெறுங்காலோடு, அதிரும், எடுக்காதீங்க என்று சொல்லிவிட்டு ஓட்டியபோதும் நிறுத்தினோம். சாயங்காலம் அவள் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை என்னைக் கொட்டகைக்கு வெளியே இருக்கச் சொன்னாள். அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது, நான் அதன் பக்கம் நின்றேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் சென்னையிலிருந்து வந்த பெரியவர், ஒருத்தர் வேறு காலேஜ், மூன்றாவது அவளுடைய வாத்தியார். அவள் பேசினாள். பாதி இங்கிலீஷ், எனக்குப் புரியவில்லை. குரல் நடுங்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. சென்னைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, வெறும் செருப்பில் இவ்வளவு வித்தியாசம் வருமா என்று வாத்தியாரைப் பார்த்தார்.

வாத்தியார் எழுந்தார். குனிந்து ஷூவை அவிழ்த்தார், சாக்ஸையும் கழற்றி மடித்து உள்ளே வைத்தார். அந்த வெள்ளைப் பாதத்தோடு காருக்குள் போய் உட்கார்ந்தார். மழை பெய்தது. மாடு வந்தது. அதிரும் என்று தெரிந்தே மிதித்தவர், பழக்கமில்லாத வெறுங்கால் துள்ளி, மாட்டை இடித்தார்.

அவர் ஸ்டியரிங்கை விடாமலே ஜன்னல் பக்கம் என்னைப் பார்த்துவிட்டு, நீங்கள்தானே அம்மா, உள்ளே வாருங்கள் என்றார்.

கட்டைவிரலில் கட்டு இருந்தது. மற்றபடி வெறுங்கால்தான். செருப்பை வாசலில் விட்டேன். சீட்டில் உட்கார்ந்து பெடலைத் தொட்டேன். மாடு வந்தபோது மிதித்தேன். அதிர்ந்தது. விரலில் வலி உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை வருடத்துப் பழக்கம் எடு எடு என்றது. எடுக்கவில்லை. மாட்டின் மூக்குக்கு முன்னால் வண்டி நின்றது. சென்னைக்காரர் கை தட்டினார்.

வாத்தியார் வெறுங்காலோடு நின்றபடியே என் மகளிடம் சொன்னார்.

"கணக்கு சரிம்மா. தப்பா நெனச்சது நான். அந்த ஃபாரத்துல இன்னொரு கட்டம் சேர்த்துடு, காலில் என்னன்னு."

அப்புறம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டுபேரும் போட்டார்கள், மூன்று கையெழுத்து. நான் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் படிக்க முடியவில்லை, கிறுக்கலாக இருந்தது. ஆனாலும் மூன்று இருந்தது. அவளுக்கு அந்த வருடம் போகவில்லை. அந்த வருடமே வேலைக்குப் போனாள், பிரேக் செய்கிற இடத்துக்குத்தான்.

இவ்வளவுதான். பேனாவை மூடு கண்ணு. நான் சொன்னதைத்தான் எழுதினாயா, இல்லை உங்கள் அம்மாவுக்குப் பயந்து ஏதாவது விட்டுவிட்டாயா என்று எனக்குத் தெரியவேண்டும். முதலிலிருந்து படி, நிதானமாக.